ரெண்டு குதிரையா, ஒரே வண்டியா?



எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "இந்தக் காலத்துப் பொண்ணுங்க வேலையும் வேணும், குடும்பமும் வேணும்கிறாங்க. ரெண்டு குதிரையிலே ஒருத்தர் சவாரி செய்ய முடியுமா?" என்றார். 'இந்தக் காலத்து' என்ற சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். கடலூருக்கு வாருங்கள் ஐயா, காட்டுகிறேன்!

கடலூர் முதுநகரிலே 1890ல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டிலே சிலை இருந்தது. 1927ல் அதை அகற்றப் போராட்டம். அஞ்சலையம்மாள் போனார். தனியாகவா? ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார்! காந்தியடிகள் லீலாவதி என்று பெயர் சூட்டியது அந்தக் குழந்தைக்குத்தான்.

1930களின் தொடக்கத்திலே மறுபடி சிறை. வேலூர். இந்த முறை வயிற்றிலே பிள்ளை. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பெற்றெடுத்தார், திரும்பவும் சிறைக்குப் போனார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் என்ன தெரியுமா? ஜெயில் வீரன்! (கைதட்டல்) 1937ல் அந்தத் தாய் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்.

இது எப்படி நடந்தது? கணவர் முருகப்பாவும் விடுதலைப் போராட்டத்திலே உடன் நின்றவர். "நீ போயிட்டா சோறு யாரு ஆக்குறது?" என்று அவர் வாசலை மறித்திருந்தால், நாம் இன்றைக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

"எல்லாரும் அஞ்சலையம்மாள் ஆக முடியுமா?" என்று நண்பர் கேட்பார். முடியாதுதான். ஆகவும் வேண்டாம்! வேலைக்குப் போக ஒரு பெண்ணுக்கு ஜான்சி ராணியின் வீரம் தேவைப்பட்டால், குறை அவளிடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது.

அந்தக் குறையை வரலாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தது. கடலூருக்குப் பக்கத்திலே சிதம்பரம். 1929ல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1979ல் அது அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்ணுக்குப் பாடப் புத்தகத்தைத் தபால்காரர் கொண்டுவந்தார். அடுப்பிலே உலை, மடியிலே பாடம். பட்டம் வாங்கி வேலைக்குப் போன தாய்மார்கள் எத்தனை பேர்!

சட்டமும் நகர்ந்தது. அஞ்சலையம்மாள் மறைந்த அதே 1961ல்தான் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. சம்பளத்தோடு 12 வாரம் விடுப்பு. 2017ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்திலே குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் திருத்தினார்கள். ஆனால் அந்தத் திருத்தம் தகப்பனுக்கு எத்தனை நாள் கொடுத்தது? ஒரு நாள்கூட இல்லை! பிள்ளை என்னவோ அம்மா வீட்டுச் சீர் மாதிரி! (சிரிப்பு)

பல்கலைக்கழகம் மாறியது, சட்டம் மாறியது. மாறாமல் நிற்பது எது? நம்ம வீட்டுச் சமையலறை. பெண் பார்க்கப் போகிற இடத்திலே இன்றைக்கும் என்ன பேச்சு? "வேலைக்குத் தாராளமாப் போகட்டும்; வீட்டு வேலையையும் பார்த்துக்கணும்." அந்த 'உம்'மிலேதான், நடுவர் அவர்களே, ஒரு பெண்ணின் ஆயுள் கரைகிறது!

இளம்பெண்கள் ரெண்டு குதிரை கேட்கவில்லை. ஒரே வண்டியைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு மாடும் சேர்ந்து இழுக்கட்டும் என்கிறார்கள். அது பேராசை அல்ல, நியாயம் என்று சொல்லி அமர்கிறேன்.