‘ஓகே’ன்னா சம்மதமா, ‘பார்த்துட்டேன்’னு அர்த்தமா? பத்திரிகை ஜோக்கில் பிறந்த வார்த்தையின் கதை!

வாட்ஸ்அப்பில் ஒருத்தர் நீளமா ஒரு மெசேஜ் அனுப்புறார். நீங்க ‘ஓகே’ன்னு பதில் போடுறீங்க. அவர், நீங்க ஒத்துக்கிட்டதா நினைச்சு அடுத்த வேலையை ஆரம்பிச்சிடுறார். நீங்களோ, ‘படிச்சுட்டேன்’னு சொல்லத்தான் அதைப் போட்டிருப்பீங்க. அப்புறம் நடக்கிற சண்டை எல்லார் வீட்டிலும் நடந்திருக்கும்.

இரண்டே எழுத்து. ஆனா இந்தக் குழப்பம் விமான ஓடுதளம் வரைக்கும், நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதே ஒரு சுவாரஸ்யமான கதை. பார்க்கலாம் வாங்க.

பிறந்த தேதியே தெரியும்!

பெரும்பாலான வார்த்தைகளுக்குப் பிறந்த நாள் கிடையாது. ஓகேவுக்கு உண்டு. 1839-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளியான ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில்தான் இது முதன்முதலாக அச்சில் வந்ததாக இப்போது மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அப்போது பாஸ்டன் பத்திரிகைகளில் ஒரு ஃபேஷன் இருந்தது. ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதல் எழுத்துகளை மட்டும் போட்டு விளையாடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’ (எல்லாம் சரி) என்பதை முறைப்படி சுருக்கினால் ‘ஏ.சி.’ என்றுதான் வரணும். அதை ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதி ‘ஓ.கே.’ ஆக்கினார்கள். இதேபோல ‘ஆல் ரைட்’ என்பதை ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். ‘சரியாகவே எழுதத் தெரியாமல் எல்லாம் சரி என்கிறான் பார்’ என்பதுதான் ஜோக். இன்னைக்கு நம்ம பசங்க ‘நன்றி’யை ‘நன்னி’ன்னு எழுதுற மாதிரி. சுருக்கமா சொன்னா, ஓகே ஒரு 1839 மீம்!

மற்ற சுருக்கங்கள் எல்லாம் காணாமல் போயின. ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம், வேற என்ன, தேர்தல்தான்.

1840-ல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். அவருடைய சொந்த ஊர் நியூயார்க் மாகாணத்தில் உள்ள கிண்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று அழைத்தார்கள். அதன் முதல் எழுத்துகளும் ஓ.கே.தானே! உடனே ‘ஓ.கே. கிளப்’ தொடங்கிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரியாது, அவர்தான் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதிவைத்தார்’ என்று கிளப்பிவிட்டார்கள். அது பொய். ஆனால் அந்தப் பொய்யை நிறைய பேர் வரலாறு என்றே நம்பினார்கள். தேர்தலில் வான் பியூரன் தோற்றார், ஓகே ஜெயித்தது. பிறகு வந்த தந்திக்காரர்கள், செய்தி சரியாக வந்து சேர்ந்தது என்று சொல்ல இதைப் பயன்படுத்தத் தொடங்க, நாடு முழுவதும் பரவிவிட்டது.

இதையெல்லாம் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டிக் கண்டுபிடித்தவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964-ம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் வரும்வரை ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளின் சாக்டா மொழியிலிருந்து வந்தது என்பது அதில் ஒன்று. அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பி ‘ஓகே’ என்ற எழுத்துக்கூட்டலையே மாற்றி எழுதுவாராம். கிரேக்கம், மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் என்று வேறு சில கதைகளும் உண்டு.

நல்லாயிருக்கா, சுமாரா?

நம்ம ஊருக்கு வந்த ஓகே இப்போது முழுத் தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ‘லோன் ஓகே ஆயிடுச்சு’, ‘மாப்பிள்ளை வீட்ல ஓகே சொல்லிட்டாங்க’, ‘ஷாட் ஓகே’. ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ படத்தை ‘ஓகே ஓகே’ என்றும், ‘ஓ காதல் கண்மணி’யை ‘ஓகே கண்மணி’ என்றும்தான் சொல்கிறோம்.

ஆனா கவனிச்சீங்களா? ‘படம் எப்படி?’ என்று கேட்டு ‘ஓகே’ என்று பதில் வந்தால், படம் சுமார் என்று அர்த்தம். ‘டிக்கெட் போடட்டுமா?’ என்று கேட்டு ‘ஓகே’ என்று வந்தால் சம்மதம். ‘நாளைக்கு லீவு வேணும் சார்’ என்பதற்கு ‘ஓகே’ என்று வந்தால்? எங்க டெஸ்க்லயே, அனுப்பின காப்பிக்கு ‘ஓகே’ன்னு பதில் வந்தா, படிச்சுட்டாங்களா, பப்ளிஷ் பண்ணச் சொல்றாங்களான்னு போன் பண்ணிக் கேட்டுக்குவோம். நம்ம ‘சரி’க்கும் இதே சிக்கல் உண்டு. நேரில் பேசும்போது முகமும் குரலும் காப்பாற்றிவிடும். தூரத்தில் இருந்து பேசும்போதுதான் பிரச்னை.

583 உயிர்கள்... நடுவில் ஒரு ‘ஓகே’

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுதளத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது கேஎல்எம் விமானம். அதே ஓடுதளத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தது பான் ஆம் விமானம். பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இரண்டுமே தெரியவில்லை.

தாங்கள் ‘டேக்-ஆஃப்’பில் இருப்பதாகக் கேஎல்எம் துணை விமானி ரேடியோவில் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்ட கோபுர அதிகாரி முதலில் ‘ஓகே’ என்றார். சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டு குரல்களும் மோதிக் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சியது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்தான்.

விமானம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. அனுமதி வராமலே கேப்டன் கிளப்பியதுதான் அடிப்படைத் தவறு என்றது விசாரணை. ஆனால் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டிய பதில், ‘ஓகே’ என்று தொடங்கியது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றிலேயே அதிகம் பேரைப் பலிகொண்ட விபத்து இன்றுவரை இதுதான்.

அதன் பிறகு ரேடியோ பேச்சுக்கான விதிகள் இறுக்கப்பட்டன. புறப்பட அனுமதி தரும்போதும், தந்த அனுமதியை ரத்து செய்யும்போதும்தான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே வர வேண்டும். முக்கியமான உத்தரவுக்கு ‘ஓகே’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கேட்ட உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்லணும்.

கட்டைவிரல் எமோஜிக்கு அபராதம்

இது சமீபத்தியது. 2021-ல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளி விதை கொள்முதல் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரலை உயர்த்தும் எமோஜியைப் போட்டார். நவம்பரில் விதை வரவில்லை. அதற்குள் விலை ஏறியிருந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

‘ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன், சம்மதம் சொல்லவில்லை’ என்றார் விவசாயி. ஆனால் நீதிபதி பழைய மெசேஜ்களையும் பார்த்தார். முந்தைய ஒப்பந்தங்களுக்கு அதே விவசாயி ‘ஓகே’, ‘யப்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருந்தார். அப்போதெல்லாம் தானியத்தையும் ஒழுங்காக அனுப்பியிருந்தார். அப்படியானால் இவர்களுக்குள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘சம்மதம்’தான், எமோஜிக்கும் அதேதான் என்று 2023 ஜூனில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 82,000 கனடா டாலருக்கு மேல். மேல்முறையீடு செய்தும் பலன் இல்லை, தீர்ப்பு அப்படியே நின்றது.