சில்லு நாணா, தொடை நாணா?

ஏ.சி.எல். என்று டாக்டர்கள் சொல்லும் முழங்கால் ஜவ்வு முழுவதும் அறுந்துவிட்டால், பெரும்பாலும் உடம்பின் வேறிடத்திலிருந்து நாண் எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் இடத்தில் பொருத்துகிறார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதுதான் நெடுநாள் விவாதம். தொடையின் பின்புற நாணை இத்தாலியின் ரிக்கார்டோ கலியாட்சி 1934இல் பயன்படுத்தினார். முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுக்கும் முறையை அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் 1963இல் விவரித்தார்.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் தொடை நாணுக்கே வெற்றி. இளம் வயதினரின் இயற்கையான ஏ.சி.எல். சுமார் 2,160 நியூட்டன் விசையில் அறும். 10 மி.மீ. அகலச் சில்லு நாண் ஏறத்தாழ 3,000 வரை தாங்கும். நான்கு இழையாக மடித்த தொடை நாண், இழைகள் சம இறுக்கத்தில் இருந்தால், 4,000ஐத் தாண்டும். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு என்பேன். முதல் சில வாரங்களில் பலவீனம் நாணில் இல்லை, அது எலும்பைப் பற்றும் இடத்தில் இருக்கிறது. சில்லு நாணின் இரு முனையிலும் எலும்புத் துண்டு உண்டு. எலும்போடு எலும்பு சேர ஆறு வாரம் போதும். வெறும் நாண் துளைச் சுவரைப் பற்ற 8 முதல் 12 வாரம் ஆகிறது.

தொடை நாண் என்கிறோமே தவிர, எடுப்பவை வழக்கமாக இரண்டு: செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ். உட்காரும்போது அழுந்தும் இடுப்பெலும்பில் தொடங்கும் முன்னதுதான் உண்மையான ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்புறத் தசை. கிராசிலிஸ், தொடைகளை ஒன்றுசேர்க்கும் தசைக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் நரம்பும் வேறு. இரண்டும் சார்டோரியஸ் நாணோடு சேர்ந்து, கீழ்க்கால் எலும்பின் உட்புற முன்முகத்தில் வாத்தின் பாதம்போல் விரிந்து ஒட்டுகின்றன. சார்டோரியஸின் உறையைத் திறந்தால் மேலே கிராசிலிஸ். அதற்குக் கீழே, நீளமும் தடிமனும் கூடிய செமிடெண்டினோசஸ். இதிலிருந்து கெண்டைக்கால் தசையின் உறைக்குக் கிளைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றை வெட்டி விடுவிக்காமல் நாண் உரிக்கும் கருவியை மேலே தள்ளினால், அது தடம் மாறி நாணைப் பாதியிலேயே அறுத்துவிடும். அருகில் ஓடும் தோல் நரம்பின் கிளை அடிபட்டால் முட்டிக்குக் கீழே மரத்துப்போகும்.

இன்னொரு சிக்கல் தடிமன். சில்லு நாணை வேண்டிய அகலத்தில் அளந்து வெட்டலாம். தொடை நாணோ ஆளுக்கு ஆள் மாறும். எடுத்து மடித்த பிறகே சரியான அளவு தெரியும். 8 மி.மீ.க்குக் குறைந்தால், குறிப்பாக இளைஞர்களிடம், மறுபடி அறும் அபாயம் கூடுகிறது.

எடுத்த இடத்தின் இழப்பையும் எடைபோட வேண்டும். சில்லு நாண் கொடுத்தவருக்கு முட்டியின் முன்புறம் வலிக்கும். மண்டியிடுவது பல ஆண்டுகள் தொல்லையாகலாம். தொடை நாண் பலருக்குத் திரும்ப வளர்கிறது என்பது வியப்பூட்டும் உண்மை. ஆனாலும் காலை முழுதாக மடக்கும் வலு கொஞ்சம் குறைந்தே நிற்கும். கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்கு இழுத்து ஏ.சி.எல்.லுக்குத் துணைநிற்பவை இந்தத் தசைகள்தாம் என்பதால், அந்த இழப்பும் சிறிதல்ல.

ஆகவே, திடீரெனத் திசைமாறி ஓடும் விளையாட்டுக்குத் திரும்ப விரும்பும் இளைஞருக்குச் சில்லு நாணையே பரிந்துரைப்பேன். மண்டியிட்டுத் தொழுபவருக்கும் தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் தொடை நாண் நல்லது. எதுவானாலும் அறுவைக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: எடுத்த நாண் மெலிந்திருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?