அரண்டவனின் நோய்க்கு வந்த பெயர்

கிண்டியில் கத்திப்பாராவைத் தாண்டி பூந்தமல்லி சாலையில் போனால், நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நினைவுச்சின்னம். 1914 முதல் 1918 வரை நடந்த போர்க்காலத்தில் இறந்து, இந்தியாவின் வேறு வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. பெயர், படைப்பிரிவு, நாள் என்று இறந்தவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பில் கீறல் இல்லாமல் வீடு திரும்பி, கதவு அடித்த சத்தத்துக்கெல்லாம் நடுங்கிக்கொண்டு மிச்ச வாழ்நாளைக் கழித்தவனுக்குக் கல் கிடையாது. அவனுக்கு வந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே 1915இல்தான்.

அந்தப் பெயர் ‘ஷெல் ஷாக்’. குண்டு வெடித்த அதிர்ச்சி. அது மருத்துவர் யாரும் யோசித்து வைத்த பெயர் அல்ல. பிரான்சின் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களின் வாயில் பிறந்தது. எங்கோ இருந்து வந்து விழும் பீரங்கிக் குண்டுதான் அந்தப் போரில் முக்கால்வாசி பயத்துக்கும் காரணம். எதிரியைக் கண்ணால் பார்க்கவே முடியாது, ஓடவும் முடியாது, குழிக்குள் உட்கார்ந்து அடுத்தது எங்கே விழும் என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சில நாள் கழித்து ஒருவனுக்குப் பேச்சு நின்றுபோகும். இன்னொருவனுக்குக் கண் தெரியாது. வேறொருவனுக்குக் கால் விளங்காது. சோதித்துப் பார்த்தால் கண்ணிலும் காலிலும் ஒரு குறையும் இருக்காது.

சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலாளர் 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் இப்படிப்பட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார். லெ துக்கே என்ற கடற்கரை ஊரில் சூதாட்ட விடுதி ஒன்றை மாற்றி அமைத்த ஆஸ்பத்திரியில் அவர் பார்த்த நோயாளிகள் அவர்கள். குண்டுகள் அருகில் வெடித்த பிறகு ஞாபகம், பார்வை, மோப்பம், சுவை எல்லாம் தடுமாறின. சிப்பாய்களின் சொல்லை மையர்ஸ் தன் கட்டுரைத் தலைப்பில் வைத்தார். பேச்சுவழக்கு மருத்துவமாயிற்று.

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் மதராஸ் நகரமே குண்டுச் சத்தம் கேட்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து துறைமுகத்தின் மீது ஏறக்குறைய 130 குண்டுகள் வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அரை மணி நேரம்தான். ஆனால் அதைத் தொடர்ந்த நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் ஏராளம். அந்த இரவு தமிழுக்கும் ஒரு சொல் கொடுத்தது. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். குண்டு போட்டவனுக்குப் பெயர் வைத்துவிட்டோம். குண்டுக்கு அரண்டவனுக்கு வைக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி நம்மிடம் எப்போதும் இருந்தது. அந்த நோயின் தன்மையை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆபத்து போன பிறகும் கண் ஆபத்தையே தேடுகிறது. ஆனால் அந்தப் பழமொழியை யாரைச் சுட்டிச் சொல்கிறோம் என்று பாருங்கள். அவன் சிரிப்புக்கு உரியவன். நோயாளி அல்ல.

பட்டாளத்திலும் இதே தராசுதான் இருந்தது. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் தங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஏறக்குறைய எட்டாயிரம் பேர் கொண்ட படை போனது. அதில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் படைப்பிரிவும் ஒன்று. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, கடல் நோயில் வாடி, இறங்கியதும் சண்டைக்குள் தள்ளப்பட்டவர்கள். இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் அந்தப் பிரிவு கலைந்து பின்வாங்கியது. அவர்களைவிட மிகச் சிறிய ஜெர்மானியப் படையிடம் மொத்தப் படையும் தோற்றுக் கப்பலேறியது. திட்டமிட்ட தளபதிகளின் தவறுகள் பக்கம் பக்கமாக இருக்க, பழியில் ஒரு பங்கு கலைந்து ஓடியவர்கள் மேல் விழுந்தது. ‘மதராஸிகள் போருக்கு லாயக்கற்ற இனம்’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு ராணுவத்துக்கு அது வசதியான சாட்சி. அவர்களில் யாருக்காவது பிறகு தூக்கம் வந்ததா என்று கேட்க ஒரு மருத்துவக் கட்டுரையும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரே வெடிச்சத்தம் ஒருவனை நோயாளி ஆக்கியது, இன்னொருவனைக் கோழை ஆக்கியது. எந்தப் பெயர் யாருக்கு என்பதை நிறமும் பதவியும் முடிவு செய்தன.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் அந்தப் பெயர் முழுசாகக் கிடைக்கவில்லை. அதிகாரி உடைந்தால் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். சிப்பாய் உடைந்தால் ஹிஸ்டீரியா என்றார்கள். பிறகு ராணுவம் ஒரே நோயை இரண்டாகப் பிரித்தது. குண்டு பக்கத்தில் வெடித்து வந்தால் அது காயம், ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. வெடிக்காமலே வந்தால் வெறும் நோய், மரியாதை இல்லை. இதற்குள் மையர்ஸுக்கே தெரிந்துவிட்டது, குண்டுக்குத் தொலைவில் இருந்தவர்களுக்கும் இதே நோய் வருகிறது என்று. தான் அரங்கேற்றிய சொல் பொருந்தாத சொல் என்று அவரே பின்னாளில் எழுதினார். 1917இல் ராணுவம் முன்னணிப் பகுதிகளில் அந்தச் சொல்லை எழுதுவதற்கே தடை போட்டு, ‘இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு’ என்று குறிக்கச் சொன்னது. சொல்லை நிறுத்தினால் நோயாளிகள் குறைவார்கள் என்ற நம்பிக்கை. நோய் நிற்கவில்லை.

ஹாரி ஃபார் என்ற சிப்பாய் இதே நோய்க்காக 1915இல் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். 1916இல் மறுபடி முன்னணிக்குப் போக முடியாது என்று நின்றார். விசாரணை ஏறக்குறைய இருபது நிமிடம். அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். வயது 25. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2006இல், அவரையும் அவரைப்போல் சுடப்பட்ட 300க்கும் மேற்பட்டவர்களையும் பிரிட்டன் மன்னித்தது. அப்போது அவருடைய மகளுக்கு 93 வயது.

இந்தக் கதையில் நீலகிரிக்கும் ஓர் இடம் உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் 1901 கடைசியில் ஊட்டிக்கு வந்து சில மாதங்கள் தோடர்களுடன் பழகினார். யாருக்கு யார் என்ன உறவு, எந்த மந்தில், அதாவது எந்தக் குடியிருப்பில், யார் பிறந்தார், எந்த எருமைக்கு என்ன சடங்கு என்று உட்கார்ந்து கேட்டார். 1906இல் அது பெரிய நூலாக வந்தது. அதில் ஒரு செய்தியை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தெய்வ ரகசியங்களைச் சொன்ன ஆட்களின் வீடுகளில் அடுத்தடுத்து நோயும் சாவும் வந்தன. அந்நியனிடம் வாய் திறந்ததற்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று ஊர் பேசியது. பேசுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை அவர் அங்கே பார்த்தார்.

அதே ரிவர்ஸ்தான் போரின்போது எடின்பரோ அருகில் கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் நடுங்கும் அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவர்களில் ஒருவர். லண்டனில் வேறொரு மருத்துவர், பேச்சு நின்ற சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ‘மறந்துவிடு, வேறு எதையாவது நினை’ என்பதுதான் அன்றைய பொதுவான யோசனை. ரிவர்ஸ் எதிர்த்திசையில் போனார். அடக்கி வைப்பதுதான் இரவில் கனவாக வருகிறது, தாங்கக்கூடிய வடிவில் அதை எடுத்துப் பேசுங்கள் என்றார். மனிதன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கத்தில் ஒரு பங்கை ஊட்டி மந்துகள் அவருக்குக் கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதன்பின் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. இரண்டாம் போரில் ‘போர்க் களைப்பு’. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்துக்குப் பின் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறிய நீண்ட பெயரைத்தான் இன்று பி.டி.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்கிறோம்.

தமிழில் அதற்கு ஒரு சொல் வேண்டும் என்ற நெருக்கடி சென்னையில் வரவில்லை. போர் நடந்த யாழ்ப்பாணத்தில் வந்தது. அங்கே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்திடம் வந்தவர்களுக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்து எதற்கும் உதவாது. தலையிடி என்பார்கள், நெஞ்சு நோகிறது என்பார்கள், ஷெல் விழுந்த நாளிலிருந்து பிள்ளை ஏங்கிப்போனான் என்பார்கள். ‘ஷெல்’ அங்கே வீட்டுச் சொல்லாகியிருந்தது. 1993இல் அவர் தமிழில் எழுதிய நூலின் பெயர் ‘மனவடு’. நாவால் சுட்டது ஆறாது என்று வள்ளுவர் சொன்ன இடத்தில் வருமே, அந்த வடு. ‘அதிர்ச்சி’ என்பது வெடித்த கணத்தோடு முடிந்துவிடும். வடு, காயம் மூடிய பிறகும் தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும்.

1987இல் இந்திய அமைதிப்படையும் அதே யாழ்ப்பாணத்துக்குப் போனது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். எதிரெதிராக நின்ற இரண்டு பக்கத்து மனிதர்களுக்கும் ‘மனவடு’ என்ற அந்தச் சொல் பொருந்தும். நந்தம்பாக்கம் கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்போது, உயிரோடு திரும்பிய அவர்களுடைய தோழர்களின் ஞாபகம்தான் எனக்கு வருகிறது. அவர்களுக்கு வீட்டில் இரவு விளக்கை ஏற்றி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், அந்த நடுக்கத்தை என்னவென்று சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்?