சலவைக்காரம்மா தொடங்கிய பயிற்சிப் பள்ளி

நம்ம மலர்ல நம்ம ஊர்க் கதைகள் நிறைய வரும். நான் அமெரிக்காவுல நடந்த ஒரு பழைய கதையை எழுதுறேன். பயிற்சின்னு கூப்பிட்டா, "போனா என்ன கிடைக்கும்?" என்று முதல்லயே கேட்கிற சகோதரிகளுக்கு இது பிடிக்கும்.

லூசியானா மாநிலத்தில் டெல்டா என்ற ஊரில் 1867-ல் பிறந்தவர் சாரா பிரீட்லவ். அங்கே அடிமை முறை ஒழிந்து இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. பெற்றோர் பருத்திக்காட்டு அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. 14 வயசுல கல்யாணம், 20 வயசுல விதவை, கையில ஒரு பெண் குழந்தை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்ததால் அங்கே போய், பல வருசம் ஊரார் துணி வெளுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார். அந்தக் காலத்துல கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வயல், சலவைத் தொட்டி, வெள்ளைக்காரங்க வீட்டு அடுப்படி, அவ்வளவுதான்.

அவருக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. அன்று நிறைய பெண்களுக்கு அப்படித்தான். வீட்டுக்குள்ள தண்ணிக் குழாய் கிடையாது, தலைக்குக் குளிக்கிறதே எப்பவாவது. அதனால பொடுகும் புண்ணும் வரும். ஆனி டர்ன்போ என்ற இன்னொரு கறுப்பினப் பெண் இதற்கு மருந்து தயாரித்து விற்றார். சாரா முதலில் அவரிடம்தான் ஏஜெண்டாக இருந்தார். பலர் இதைச் சொல்லாம விட்டுடுறாங்க. ஒரு பெண் காட்டிய வழியில்தான் இன்னொரு பெண் தொழிலுக்கு வந்தார் என்பது எனக்கு முக்கியமாப் படுது.

1905-ல் டென்வர் போனார். மறு வருசம் சார்லஸ் ஜோசப் வாக்கரைக் கல்யாணம் செய்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பேரில் சொந்தக் களிம்பை வீடு வீடாக விற்றார். களிம்பு விற்றவங்க அப்ப வேற ஆளுங்களும் உண்டு. இவர் பள்ளிக்கூடமும் நடத்தினார். 1908-ல் பிட்ஸ்பர்க்கில் மகள் பேரில் லேலியா காலேஜ் தொடங்கினார். 1910-ல் இண்டியானாபொலிஸுக்கு மாறி அங்கே தொழிற்சாலை வைத்தார்.

சேர்ந்த பெண்களுக்குத் தலையைச் சுத்தம் பண்ணுவது, மருந்து தேய்ப்பது, சூடு காட்டிய சீப்பால் முடியைப் படிய வைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நேரில் வர முடியாதவங்க தபால் மூலம் படிச்சாங்க. படித்து முடித்தவர் வாக்கர் ஏஜெண்ட். கடை பிடிக்க வேண்டாம், வாடகை வேண்டாம். தன் வீட்டு அடுப்படியிலேயே தொழில் நடத்தலாம், இல்லன்னா பையைத் தூக்கிட்டு வீடு வீடாப் போகலாம். துணி வெளுத்துக் கிடைத்ததை விடக் கூடுதல் வருமானம். அதைவிட, காலையில எஜமானி வீட்டு வாசல்ல போய் நிற்க வேண்டாம். அடிமைகளாக இருந்தவங்களோட பெண்களுக்கு இது எவ்வளவு பெரிசு என்று யோசித்துப் பாருங்க.

குறை சொன்னவங்களும் உண்டு. வெள்ளைக்காரிகள் மாதிரி முடியை நீட்டுறாங்கன்னு பேசினார்கள். முடியை நீட்டுவது தன் வேலை இல்லை, வளர வைப்பதுதான் என்று வாக்கர் சொல்லி வந்தார். சூட்டுச் சீப்பு இருக்கும்போது அந்தப் பேச்சுல பாதி நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

1912-ல் சிகாகோவில் கறுப்பின வியாபாரிகள் சங்க மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், பெரிய மனிதர். இவருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. கடைசி நாளில் இவரே எழுந்து நின்றுவிட்டார். பருத்திக்காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும் அங்கிருந்து அடுப்படிக்கும் வந்தவள், அதற்கு மேல் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டவள், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியவள் என்று சபையில் சொன்னார். அடுத்த வருச மாநாட்டில் அவர் பேச்சாளர்.

பிறகு ஊர் ஊராக ஏஜெண்டுகளைச் சங்கமாச் சேர்த்தார். 1917 ஆகஸ்டு கடைசியில் பிலடெல்பியாவில் அவர்களுக்கென்று மாநாடு நடத்தினார். சுமார் 200 பெண்கள் வந்தார்கள். அதிகம் விற்றவங்களுக்குப் பரிசு, அது எல்லாக் கம்பெனியும் செய்யும். தங்கள் ஊரில் தர்ம காரியத்துக்கு அதிகம் கொடுத்த சங்கத்துக்கும் பரிசு கொடுத்தார்.

அதற்குச் சில வாரம் முன்னாடிதான் கிழக்கு செயின்ட் லூயிஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று வீடுகளை எரித்திருந்தது. தலை வாரி விடும் அந்தப் பெண்கள் மாநாட்டில் கூடி, கும்பல் கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அடித்தார்கள். வாக்கர் 1919-ல் இறந்துபோனார். கும்பல் கொலைக்கென்று தனி மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 2022-லதான் வந்தது.