மார்பக அறுவைக்குப் பிந்தைய தோள், கைப் பயிற்சிகள்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தையோ அக்குள் நிணநீர்க் கணுக்களையோ அகற்றிய பின், தோள்மூட்டு இறுகாமல் காக்கச் செய்யும் மென்மையான இயக்கப் பயிற்சிகள். அறுவைத் தழும்பு இறுகுவதாலும், வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருப்பதாலும் தோள் விறைத்துப்போகும். தலை பின்னுவதும் கொடியில் துணி உலர்த்துவதும் கடினமாகும். கதிர்வீச்சு சிகிச்சையின்போது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டியிருப்பதால், இப்பயிற்சிகள் சிகிச்சைக்கும் உதவுகின்றன.

முதல் கட்டம்: அறுவைக்குப் பின் வரும் முதல் சில நாள்களில் விரல்களை மடக்கி விரித்தல், முழங்கையை மடக்கி நீட்டல், தோள்களை மெல்லச் சுழற்றுதல், ஆழ்ந்து மூச்சிழுத்தல் ஆகியவை செய்யப்படும். அறுவை இடத்தில் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்றே பொதுவாக அறிவுறுத்துவர்.

அடுத்த கட்டம்: குழாயை எடுத்து, மருத்துவர் அனுமதித்த பின் தொடங்குவது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் படிப்படியாக மேலேறி, இழுப்பு தெரியும் இடத்தில் சில நொடிகள் நிறுத்தி, அதேபோல் மெல்ல இறங்குவது இவற்றுள் முக்கியமானது. இரு கைகளாலும் கோலைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்துவது மற்றொன்று.

எச்சரிக்கை: லேசான இழுப்பு இயல்பு, கடும் வலி வந்தால் நிறுத்த வேண்டும். கையில் வீக்கம், சிவப்பு, காய்ச்சல், புண்ணில் கசிவு தென்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். மார்பக மறுசீரமைப்பு செய்துகொண்டவர்கள் தம் அறுவை மருத்துவர் கூறும் கால அளவையே பின்பற்ற வேண்டும்.