பழைய பேரை அழிக்காத மகாராணி: செம்பியன் மாதேவியார்

 

போன ஞாயிறு உழவாரப் பணி முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கும்போது தொண்டர்களுக்குள்ள ஒரு பேச்சு வந்தது. நம்ம கோயில் திருப்பணிக்கு முன்மண்டபச் சுவரை இடிக்கணும். அந்தச் சுவரில்தான் பழைய உபயதாரர்கள் பேர் வெட்டின பளிங்குக் கல் இருக்கு. "எழுத்து பாதி அழிஞ்சு போச்சு, எடுத்துப் போட்டுடலாம். புதுசா கொடுக்கிறவங்க பேருக்கு இடம் வேணுமே" என்று சிலர் சொன்னோம். ஆமாம், சொன்னவர்களில் நாங்களும் உண்டு.

அதுக்கப்புறம் செம்பியன் மாதேவியார் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படிச்சோம். எங்களுக்கே வெட்கமாப் போச்சு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

ராஜராஜ சோழனை நமக்கெல்லாம் தெரியும். அவருக்குப் பாட்டி முறை இந்த அம்மா. மழவரையர் என்ற சிற்றரசர் வீட்டுப் பெண். சோழ மன்னர் கண்டராதித்தரின் மனைவி. கண்டராதித்தர் பெரிய சிவபக்தர். தில்லை நடராஜர் மேல் அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கு.

ஏறக்குறைய 957-ஆம் ஆண்டு கண்டராதித்தர் சிவனடி சேர்ந்தார். மகன் உத்தம சோழன் அப்போ சின்னப் பிள்ளை. பட்டம் கணவரின் தம்பி அரிஞ்சயருக்குப் போனது, பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கு. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டார். அதுக்கப்புறம்தான் உத்தம சோழன் முடிசூடினார். அவருக்குப் பின் 985-இல் ராஜராஜன் வந்தார். இத்தனை மாற்றத்தையும் பார்த்துக்கிட்டு, 1001 வாக்கில் வரைக்கும் இந்த அம்மா வாழ்ந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல விதவைக் கோலம்.

அவர் அரியணை ஏறவில்லை, படை நடத்தவில்லை. ஆனால் சோழ நாட்டில் செங்கல்லாக இருந்த பழைய கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லாக மாற்றினார். கோனேரிராஜபுரம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அறநெறி என்று பட்டியல் நீளும். பின்னால் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பியபோது, கல்லில் கட்டிப் பழகின கைகள் சோழ நாட்டில் தயாராக இருந்தது என்றால் அதில் இந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் விட மூணு விஷயம் எங்களைத் தொட்டது.

முதலாவது, திருக்கோடிகாவல். செங்கல் கோயிலைப் பிரிச்சுக் கல்லில் கட்டும்போது, அங்கே பல்லவர் காலத்திலிருந்து கொடை கொடுத்தவங்களோட பழைய கல்வெட்டுக்கள் இருந்தன. கட்டுறது மகாராணி. "என் பேர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப் போறாங்க? ஆனால் அவர், பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். அதனால்தான் அந்தக் கொடையாளிகளைப் பற்றி இன்றைக்கும் நாம் படிக்க முடியுது.

இரண்டாவது, கோனேரிராஜபுரம். தேவாரத்தில் திருநல்லம் என்று வருமே, அந்த ஊர்தான். அந்தக் கோயிலைத் தன் கணவர் கண்டராதித்தர் பேரில் கட்டினார். கணவர் சிவலிங்கத்தை வணங்குவது போலச் சிற்பமும் அங்கே இருக்கு. அது மட்டும் இல்லைங்க. கட்டட வேலையை நின்று நடத்திய ஆலத்தூர் சாத்தன் குணபட்டன் என்பவரின் உருவமும் பேரும்கூட அதே கோயில் கல்லில் இருக்கு. முப்பது வருஷமா பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிற எங்களுக்கு இதைப் படிச்சப்போ கண் கலங்கிடுச்சு. வேலை செய்தவன் பேரை முதலாளி எங்கே எழுதுவார்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு மகாராணி எழுத வச்சிருக்கார்.

மூணாவது, நாகப்பட்டினம் பக்கத்தில் செம்பியன்மாதேவி என்று அவர் பேரிலேயே ஓர் ஊர். அங்கே கைலாசநாதர் கோயில். அவர் பிறந்த கேட்டை நட்சத்திரத்தைக் கொண்டாட அவருடைய மருமகள்கள், அதாவது உத்தம சோழனின் ராணிகள், கொடை கொடுத்திருக்காங்க. மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் ஒன்று சேர்ந்தாங்க என்றால், அவர் எப்படி நடந்திருப்பார் என்று பாருங்க. அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் நம்ம தாத்தா பாட்டி பலர் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தாங்க.

இப்போ நம்ம பளிங்குக் கல்லுக்கு வருவோம். அதைத் துணியால் துடைச்சு, டார்ச் லைட் அடிச்சுப் படிச்சோம். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. கொடுத்தவங்களில் நிறையப் பேர் பெண்கள். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கின பிறகு, தோட்டத்திலிருந்து வந்து ஷிப்ட் வேலை பார்த்தவங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா கோயிலுக்கு வந்து வாசல் பெருக்கினவங்க. சிலர் தன் பேரைக்கூடப் போடாமல் கணவர் பேரில் கொடுத்திருக்காங்க, சிலர் 'இன்னார் மனைவி' என்று மட்டும். 'செம்பியன் மாதேவி' என்பதும் பட்டப் பேர்தானே, சோழரின் பெருந்தேவி என்று அர்த்தம்.

அந்தக் கல்லை உடைச்சுப் போட்டால், இவங்க இந்தக் கோயிலுக்கு வந்ததே இல்லை என்று ஆகிடும்.

அதனால் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கப் போறோம். புது மண்டபத்தில் பழைய பேர்களை முதலில் வெட்டணும், புதுப் பேர்கள் அதுக்குக் கீழே வரட்டும். கல் வெட்டும் செலவில் தொண்டர்கள் எங்களால் முடிந்ததைப் போடுறோம். உங்க அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ அந்தக் காலத்தில் உபயம் கொடுத்திருந்தால், வர்ற சனிக்கிழமை சாயங்காலப் பூஜைக்கு வந்து சரியான பேரைச் சொல்லுங்க. 'இன்னார் மனைவி' என்று இருக்கிற இடத்தில் அந்த அம்மாவோட சொந்தப் பேரும் சேரட்டும்.

அடுத்த கேட்டை நட்சத்திரத்தன்று செம்பியன் மாதேவியாரை நினைச்சு ஒரு நெய்விளக்கு ஏற்றுவோம். எல்லாரும் வாங்க.

திருச்சிற்றம்பலம்.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள், பாயான் லெப்பாஸ்