உடம்பு ரெடி, இஞ்சின் எங்கே? குர்ட் டாங்கின் இரண்டு போர்விமானங்கள்

எங்க கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக மலையேறும். சின்ன வயசில் அந்த ஜீப்புகளுக்கு வேலை பார்க்கிற பட்டறை ஒன்றில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன. அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் அடிக்கடி ஒன்று சொல்வார்: "பாடியை யாரு வேணாலும் அடிச்சிரலாம் தம்பி. கொண்டை ஊசி வளைவுல ஏத்தும்போதுதான் இஞ்சின் லட்சணம் தெரியும்."

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கும் ஒரு விமானத்தைப் பார்த்தபோது அந்த அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஹெச்எஃப்-24 மருத். இந்தியாவிலேயே உருவான முதல் ஜெட் போர்விமானம். கூர்மையான மூக்கு, பின்னால் சாய்ந்த இறக்கை, ஒல்லியான உடம்பு. நின்ற இடத்திலேயே பறப்பது போல இருக்கும். இதை வடிவமைத்தவர் ஒரு ஜெர்மானியர், பெயர் குர்ட் டாங்க். அவருடைய கதையைப் படிக்க ஆரம்பித்தால், இருபது வருஷ இடைவெளியில் இரண்டு விமானங்களுக்கு ஒரே பிரச்சனை வந்திருக்கிறது. ஒன்று தப்பித்தது, இன்னொன்று தப்பிக்கவில்லை.

முதல் விமானம்: பிரெமென், 1939

1937-ல் ஜெர்மன் விமான அமைச்சகம், மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குத் துணையாக இன்னொரு போர்விமானம் கேட்டது. ஃபோக்க-வுல்ஃப் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த டாங்க் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். 109 ஒரு பந்தயக் குதிரை மாதிரி. வேகம் உண்டு, ஆனால் செல்லம் கொடுத்து வளர்க்கணும். சக்கரங்கள் நெருக்கமாக இருந்ததால் கரடுமுரடான தரையில் இறக்குவது சிரமம். முதல் உலகப்போரில் சண்டை போட்டவரான டாங்க் வேறு மாதிரி யோசித்தார். சேற்றில் இறங்கணும், சாதாரண சிப்பாய் பழுது பார்க்கணும், அடி வாங்கினாலும் வீடு வந்து சேரணும். அவருக்கு வேண்டியது குதிரைப்படைக் குதிரை. அதனால் சக்கரங்களை அகலமாக வைத்தார். ஹைட்ராலிக் குழாய்களைக் குறைத்து, சக்கரத்தை மடக்குவதற்குக்கூட மின்மோட்டார் போட்டார்.

இஞ்சின் விஷயத்தில்தான் சிக்கல். நீர் குளிரூட்டும் நல்ல இஞ்சின்கள் எல்லாம் 109-க்கே போய்க்கொண்டிருந்தன. எனவே டாங்க் காற்றால் குளிரும் பிஎம்டபிள்யூ 139 என்ற 18 சிலிண்டர் இஞ்சினைத் தேர்ந்தெடுத்தார். இந்த வகை இஞ்சின் முகப்பு அகலமானது, காற்றைத் தடுக்கும். அதைச் சமாளிக்க முதல் முன்மாதிரியில் புரொப்பெல்லர் நடுவே பெரிய குமிழ் மாதிரி ஒரு மூடியை வைத்து, அதன் நடுவில் ஓட்டை போட்டு அது வழியாகக் காற்றை உள்ளே விட்டார்கள். காகிதத்தில் பிரமாதமான யோசனை.

1939 ஜூன் 1-ம் தேதி ஹான்ஸ் ஸாண்டர் அதை ஓட்டிப் பார்த்தார். விமானம் சொன்ன பேச்சு கேட்டது. ஆனால் விமானி அறைக்குள் வெப்பம் 55 டிகிரியைத் தொட்டது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பதை விட மோசம். புகை வேறு உள்ளே வந்ததால் ஆக்சிஜன் முகமூடியோடு ஓட்ட வேண்டியிருந்தது.

அந்த ஓட்டை மூடியைக் கழற்றினார்கள், அப்போதும் தீரவில்லை. கடைசியில் இஞ்சினையே மாற்றினார்கள். பிஎம்டபிள்யூ 801 கனமானது. அதை வைத்தால் மூக்கு பாரம் கூடும். அதைச் சரிக்கட்ட விமானி அறையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இடைவெளி கிடைத்ததால் வெப்பமும் குறைந்தது, துப்பாக்கி வைக்கவும் இடம் வந்தது. எடை கூடியதை ஈடுகட்ட இறக்கையைப் பெரிதாக்கினார்கள். 1941-ல் அது போருக்கு வந்தபோது, பிரிட்டனின் அப்போதைய ஸ்பிட்ஃபயர் திணறிப்போனது. 20,000-க்கும் மேல் தயாரான ஃபோக்க-வுல்ஃப் 190 அதுதான். ஹிட்லரின் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. வடிவமைப்பின் பாடம் வேறு: இஞ்சின் சரியில்லை என்றால் மாற்றுவதற்கு வேறொரு இஞ்சின் கையில் இருந்தது.

இரண்டாவது விமானம்: பெங்களூரு, 1961

போருக்குப் பிறகு டாங்க் அர்ஜென்டினா போய் புல்கி-2 என்ற ஜெட்டை வடிவமைத்தார். அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் வேலையும் போனது. 1956-ல் நேரு அரசு அவரைப் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு அழைத்தது. ஜெர்மன் பொறியாளர்கள் சிலரோடு வந்தார். வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர் பொறியாளர்கள்தான்.

அவர் தொடங்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் அதே அளவில், மரத்தில், இஞ்சினே இல்லாத கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். டக்கோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விடும். 1959-லிருந்து பலமுறை அப்படிப் பறக்கவிட்டு, உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 1961 ஜூன் 17-ல் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் உண்மையான மருத்தை மேலே எடுத்துப் போனார்.

உடம்பு ரெடி. இஞ்சின்?

திட்டமிட்டது பிரிட்டனின் பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் 12. பின்னெரிப்பானோடு தலா சுமார் 3,700 கிலோ தள்ளுவிசை, அப்படி இரண்டு. ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் என்பது கனவு. ஆனால் பிரிட்டன் அந்த இஞ்சின் திட்டத்திலிருந்து விலகி, வேண்டுமானால் மேம்பாட்டுச் செலவை நீங்க கொடுங்க என்றது. டெல்லி மறுத்துவிட்டது. மிஞ்சியது நேட் விமானத்துக்காகப் பெங்களூரில் தயாரித்துக்கொண்டிருந்த வகையைச் சேர்ந்த ஆர்ஃபியஸ் 703. பின்னெரிப்பான் கிடையாது. தள்ளுவிசை சுமார் 2,200 கிலோ.

அதோடு மருத் ஒலியின் வேகத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் முடிந்தது, தாண்டி ஓட முடியவில்லை.

அப்புறம் இஞ்சின் தேடி அலைந்த கதை. சோவியத் இஞ்சின் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஈ-300 இஞ்சின் செய்துகொண்டிருந்தார். அதைப் பொருத்திச் சோதிக்க ஒரு மருத்தையே எகிப்துக்கு அனுப்பி, 1967-ல் பறக்கவும் விட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த இஞ்சினுக்கான எகிப்திய விமானத்தை வடிவமைத்தவர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட், டாங்கின் பழைய போட்டியாளர். அந்த விமானத்தை 1964-ல் முதன்முதலில் ஓட்டியவர் கபில் பார்கவா என்ற இந்திய விமானி! எகிப்து பணமில்லாமல் திட்டத்தையே மூடியது. அந்தக் கதவும் அடைத்தது.

கடைசியில் இருக்கிற ஆர்ஃபியஸுக்கே நாமே பின்னெரிப்பான் பொருத்திப் பார்த்தோம். வால்பகுதி பருமனாகி, காற்றின் இழுவை கூடியது. கிடைத்த கூடுதல் விசையில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிட்டது. 1970 ஜனவரி 10-ல் அந்த வகையை ஓட்டிய சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் சாலை வழியாகப் போகிறவர்கள், அடுத்த முறை ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மருத் தோல்வியா?

பல கட்டுரைகள் அப்படித்தான் முடிக்கின்றன. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொத்தம் 147 மருத்துகள் தயாரானார்கள் என்பது சின்ன விஷயமில்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து ரயில்களையும் டாங்கிகளையும் தாக்கின. வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. நம்ம பக்கக் கணக்குப்படி ஸ்குவாட்ரன் லீடர் பக்ஷி ஒரு சேபரை வீழ்த்தவும் செய்தார். அடிபட்டு ஓர் இஞ்சின் நின்றும் வீடு திரும்பிய மருத்துகள் உண்டு. டாங்க் 1937-ல் கேட்ட அதே குதிரைப்படைக் குதிரை.

தோற்றது விமானம் இல்லை, கணக்கு. உடம்புக்குச் செலவழிக்கத் தயாராக இருந்தோம், இஞ்சினுக்கு இல்லை. 1990 வாக்கில் மருத் ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே காவேரி என்ற சொந்த இஞ்சின் திட்டத்தைப் பெங்களூரில் தொடங்கிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் இஞ்சினில்தான். அங்கிருந்து இஞ்சின் வரத் தாமதமானால் இங்கே விமானம் காத்திருக்கிறது. அறுபது வருஷம் கழித்தும் அதே கொண்டை ஊசி வளைவு.

மருத் என்றால் காற்று. நாம் மாருதம் என்று சொல்கிறோமே, அதே சொல். ஆடி மாசம் எங்க பள்ளத்தாக்கில் காற்று வீசும்போது வாழை சாயும், கூரை ஓடு பறக்கும். அந்தப் பெயரை அந்த விமானத்துக்கு வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. அதற்குரிய இஞ்சினை வாங்கித் தரத்தான் மறந்துவிட்டார்கள்.